பேன்ட் சரியாகப் பொருந்தவில்லையா? குறைந்த செலவில் ஆல்டர் செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையில் போட்டுப் பார்த்தபோது பரவாயில்லை என்று தோன்றிய பேன்ட், வீட்டுக்கு வந்ததும் இடுப்பில் நழுவும். இடுப்பு நின்றால் தொடை பிடிக்கும். இரண்டும் சரியாக இருந்தால் குதிகாலுக்குக் கீழே துணி மிதிபடும். அப்படியே மடித்து அலமாரியின் அடியில் வைத்துவிடுகிறோம். அவற்றில் பலவும் சின்ன வேலையிலேயே சரியாகிவிடக்கூடியவை. எந்த இடத்தில் என்ன வேலை என்று தெரிந்துகொண்டு தையற்காரரிடம் போனால் செலவும் குறையும், பேன்ட்டும் கெடாது.

ஆல்டர் செய்யும் கூலி எதைப் பொறுத்தது?

எத்தனை தையலைப் பிரிக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. எத்தனை இன்ச் குறைக்கிறோம் என்பது பெரிதாகக் கணக்கில் வராது. உயரத்தில் அரை இன்ச் குறைத்தாலும் மூன்று இன்ச் குறைத்தாலும் கீழ்மடிப்பைப் பிரித்து மறுபடி மடித்துத் தைக்கும் வேலை ஒன்றுதான். இடுப்பில் ஒரே ஒரு இன்ச் பிடிக்க வேண்டுமென்றால் கதை வேறு. பின்பக்க பெல்ட் லூப்பை எடுக்க வேண்டும், இடுப்புப் பட்டியைப் பிரிக்க வேண்டும், சீட் (பின்பக்கம் உட்காரும் பகுதி) தையலைப் பிரிக்க வேண்டும், அளவு பிடித்துத் தைத்த பிறகு எல்லாவற்றையும் பழையபடி மூட வேண்டும். மெஷினில் தைப்பது சில நிமிட வேலை. பிளேடை வைத்து ஒவ்வொரு கண்ணியாகப் பிரிப்பதுதான் நேரத்தைத் தின்னும்.

அதனால் பொதுவாக உயரம் குறைப்பதற்குக் கூலி குறைவு. அதற்கு மேலே பாட்டம் (காலின் கீழ்வாய் அகலம்) குறுக்குவது, அப்புறம் இடுப்பும் சீட்டும், அப்புறம் தொடை. கவட்டுப் பகுதியைத் தொடும் வேலை எல்லாவற்றையும் விட அதிகம்.

இதிலேயே பணம் மிச்சம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. பாட்டம் குறுக்க வேண்டுமானால் கீழ்மடிப்பை எப்படியும் பிரித்தாக வேண்டும். உயரமும் குறைக்க வேண்டியிருந்தால் இரண்டையும் ஒன்றாகக் கொடுங்கள். இன்று உயரம், அடுத்த மாதம் பாட்டம் என்று போனால் ஒரே மடிப்பைப் பிரிக்க இரண்டு முறை கூலி கொடுப்பீர்கள். இடுப்பும் சீட்டும்கூட அப்படித்தான், இரண்டும் ஒரே பின்தையலில் வருபவை.

என் பேன்ட்டில் குறை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முழு உயரக் கண்ணாடி முன்னால், வழக்கமாகப் போடும் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு நில்லுங்கள். பாக்கெட்டில் எதுவும் இருக்க வேண்டாம். துணியில் விழும் சுருக்கமே சொல்லிவிடும். குறுக்கே இழுபட்ட கோடுகள் தெரிந்தால் அந்த இடம் டைட். மேலிருந்து கீழாகத் தொங்கும் மடிப்பு விழுந்தால் அந்த இடம் லூஸ்.

கவட்டிலிருந்து இரண்டு தொடைக்கும் பூனை மீசை மாதிரி கோடுகள் பரவினால் தொடையிலோ கவட்டிலோ துணி போதவில்லை. பக்கவாட்டு பாக்கெட்டுகள் வாய் பிளந்து நின்றால் இடுப்பெலும்புச் சுற்றளவு டைட்டாக இருக்கிறது என்று பொருள். இதைப் பலர் பாக்கெட்டின் கோளாறு என்று நினைத்துப் பாக்கெட்டையே தைத்து மூடச் சொல்கிறார்கள். அப்போதும் இறுக்கம் அப்படியேதான் இருக்கும். பின்பக்கம் உட்காரும் இடத்துக்குக் கீழே துணி பை போலத் தொங்கினால் சீட் லூஸ்.

நின்று பார்த்ததோடு விடாதீர்கள். நாற்காலியில் உட்காருங்கள், குனியுங்கள், இரண்டு படி ஏறி இறங்குங்கள். நிற்கும்போது அழகாக இருந்து, உட்காரும்போது பின்பக்கம் இடுப்புக்கு இரண்டு விரல் கீழே இறங்கும் பேன்ட்டுக்கு இடுப்பைப் பிடித்துப் பயனில்லை. அங்கே குறைவது கவட்டின் நீளம், அதாவது கவட்டிலிருந்து இடுப்புப் பட்டி வரை உள்ள நீளம்.

எந்தக் குறையைச் சரிசெய்யலாம், எதற்குச் செலவழிக்கக் கூடாது?

உயரம் அதிகம், இடுப்பு லூஸ், சீட் லூஸ், முழங்காலுக்குக் கீழே தொளதொளப்பு: இந்த நான்கையும் தயங்காமல் கொடுக்கலாம். இடுப்பில் இரண்டு இன்ச் வரை பிடிப்பதில் பிரச்சினை வராது. அதற்கு மேல் போனால் பின் பாக்கெட்டுகளைக் கவனியுங்கள். நடுத்தையலில் எத்தனை இன்ச் பிடிக்கிறோமோ அத்தனை இன்ச் இரண்டு பாக்கெட்டுகளும் ஒன்றை ஒன்று நெருங்கும். நான்கு இன்ச் பிடித்த பேன்ட்டில் இரண்டு பாக்கெட்டும் முதுகெலும்புக்கு நேராக ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பக்கத் தையல்களும் பின்னால் இழுபட்டிருந்தன. அந்த அளவு வித்தியாசம் இருந்தால் பேன்ட்டை யாருக்காவது கொடுத்துவிடுவதே நல்லது.

கவட்டு நீளம் குறைவாக இருந்தாலும், மிகவும் அகலமான தொடையை ஒட்டப் பிடிக்க நினைத்தாலும் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. இல்லாத துணியை யாராலும் உண்டாக்க முடியாது. தொடையை அதிகம் பிடித்தால் கவட்டு வளைவின் வடிவமே மாறி, நடக்கும்போது உறுத்தும்.

டைட்டான பேன்ட்டைப் பெரிதாக்க முடியுமா?

உள்ளே துணி விட்டிருந்தால் முடியும். பேன்ட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்க நடுத்தையலை இடுப்புப் பட்டி வரை விரலால் தடவிப் பாருங்கள். ஆண்களின் ஃபார்மல் பேன்ட்டுகளில் பட்டி பெரும்பாலும் பின்னால் நடுவில் இரண்டு துண்டாகச் சேர்க்கப்பட்டிருக்கும், தையலின் இரு பக்கமும் கூடுதல் துணியும் இருக்கும். பின்னாளில் இடுப்பு பெருத்தாலோ சிறுத்தாலோ மாற்றிக்கொள்வதற்காகவே அப்படித் தைக்கிறார்கள். இரு பக்கமும் ஒரு இன்ச் துணி இருந்தால், தையல் பிடிப்புக்குக் கால் கால் இன்ச் விட்டு, மொத்தம் ஒன்றரை இன்ச் வரை பெரிதாக்கலாம்.

பிரித்த இடத்தில் பழைய தையலின் ஊசித் துளைகளும் நிறம் மங்காத பட்டையும் தெரியலாம். புதுத் துணியில் பெரும்பாலும் தெரியாது. பல வருடம் துவைத்ததில் தெரியும். தையற்காரரை ஓரமாக இரண்டு இன்ச் மட்டும் பிரித்துக் காட்டச் சொல்லி, பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உயரம் இறக்குவதற்கும் இதே சோதனைதான்.

ஜீன்ஸுக்கு மட்டும் ஏன் கூடுதல் கூலி கேட்கிறார்கள்?

நியாயமாகத்தான் கேட்கிறார்கள். ஜீன்ஸ் பிய்ந்துபோகக் கூடாது என்றே உருவான உடை. பாக்கெட் மூலைகளில் செப்பு ரிவெட் அடிக்கும் முறைக்கு ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் காப்புரிமை பெற்றது 1873-இல், உழைப்பாளிகளின் பேன்ட் கிழியாமல் இருப்பதற்காக. அந்த உறுதிதான் பிரிக்கும்போது இடைஞ்சலாகிறது. துணியை ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போட்டிருப்பார்கள். கீழ்மடிப்பும் அந்தத் தையலும் சந்திக்கும் இடத்தில் துணி அடுக்கடுக்காகச் சேர்ந்து கட்டியாக நிற்கும். சாதாரண ஊசி அங்கே உடைந்துவிடும். 16-ஆம் நம்பர் ஊசியும் தடித்த நூலும் வேண்டும். அந்தக் கட்டியைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கிவிட்டுத்தான் தைப்பார்கள்.

இடுப்புப் பட்டியும் ஃபார்மல் பேன்ட் போல இரண்டு துண்டு இல்லை, பெரும்பாலும் ஒரே நீளத் துண்டு. பின்னால் அதை வெட்டிச் சேர்க்க வேண்டும், சேர்த்த தையல் வெளியே தெரியும். பெல்ட் லூப்பை அதன் மேல் வைத்துத் தைக்கச் சொன்னால் மறைந்துவிடும். நல்ல தையற்காரர் நீங்கள் சொல்லாமலேயே அப்படிச் செய்வார்.

பாட்டம் குறுக்க வேண்டுமா? காலின் உள்பக்கத் தையல், வெளிப்பக்கத் தையல் இரண்டில் எது இரட்டைத் தையல் இல்லையோ அந்தப் பக்கம் பிடிக்கச் சொல்லுங்கள். வேலையும் சுலபம், வெளியிலும் தெரியாது.

உயரம் குறைக்கும்போது ஜீன்ஸின் பழைய கீழ் விளிம்பை அப்படியே வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும். அந்த வெளிறிய, முறுக்கேறிய விளிம்பு போனால் ஜீன்ஸின் களையே போய்விடும் என்று நினைப்பவர்கள் வெட்ட விடாதீர்கள். விளிம்பை வெளிப்பக்கமாக மேலே மடித்து, பழைய மடிப்பின் மேல் ஓரத்தை ஒட்டினாற்போல் ஒரு தையல் ஓட்டிவிட்டு, மடிந்த உபரித் துணியை உள்ளே தள்ளித் தேய்த்துவிட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் பழைய விளிம்பு அப்படியே இருக்கும்.

கணக்கில் மட்டும் கவனம் தேவை. பழைய மடிப்பின் மேல் ஓரத்திலிருந்து அளக்க வேண்டும், குறைக்க வேண்டியதில் பாதியைத்தான் மடிக்க வேண்டும். இரண்டு இன்ச் குறைய வேண்டுமானால் ஒரு இன்ச் மடிப்பு. மடிப்பில் துணி இரண்டு முறை போவதால் இந்தப் பாதிக் கணக்கு. கால் மிகவும் குறுகிய ஜீன்ஸில் உபரித் துணி உள்ளே உருண்டு நிற்கும், அதை வெட்டி, ஓரம் பிசிறாமல் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் அடித்துவிடலாம்.

குறைந்த கூலிக்கு நல்ல தையற்காரரை எங்கே தேடுவது?

பெரிய துணிக்கடைகளில் ஆல்ட்ரேஷன் என்று வாங்கிக்கொள்ளும் வேலை பலமுறை வெளியே ஒரு சின்ன தையலகத்துக்குத்தான் போகிறது. அந்தச் சின்ன தையலகத்தை நேரடியாகத் தேடுங்கள். சலவைக் கடைக்காரர்கள், துணிக்கடை ஊழியர்கள், சீருடை அணிந்து வேலை பார்ப்பவர்கள், இந்த மூன்று பேரிடம் கேட்டால் பக்கத்தில் யார் ஒழுங்காகத் தைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டிலிருந்தே தைப்பவர்கள் உங்கள் பகுதியில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். பேன்ட்டை ஒரு நாளைக்குப் பலமுறை பிரித்துச் சேர்த்துப் பழகிய கைகள் அவை. கடை வாடகை இல்லாததால் கூலியும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். தையல் பயிற்சி மையங்களிலும் உயரம் குறைப்பது போன்ற எளிய வேலைகளைக் குறைந்த கூலிக்குச் செய்துதருவது உண்டு.

முதல் தடவையே விலை உயர்ந்த பேன்ட்டைக் கொடுக்க வேண்டாம். பழைய பேன்ட் ஒன்றின் உயரத்தை மட்டும் குறைக்கக் கொடுத்துப் பாருங்கள். திரும்பி வந்ததும் உள்பக்கம் திருப்புங்கள். கண்ணிகள் ஒரே அளவாக இருக்கின்றனவா, நூலின் நிறம் துணியோடு சேர்கிறதா, ஓரம் பிசிறாமல் ஓவர்லாக் அடித்திருக்கிறார்களா, தையல் தொடங்கிய இடத்தில் முன்னும் பின்னுமாக ஓட்டி முடிச்சு விழ வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இந்த நான்கும் இருந்தால் அவரிடம் அடுத்த பேன்ட்டைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

கூலியைப் பேரம் பேசலாமா?

ஒரு பேன்ட்டுக்குப் பேசாதீர்கள். பிரித்துத் தைப்பது பொறுமையான வேலை, அடித்துப் பேசினால் அந்தப் பொறுமைதான் குறையும். வீட்டிலுள்ள நான்கைந்து பேன்ட்டைச் சேர்த்து எடுத்துப் போய், "அவசரமில்லை, வேலை குறைவாக இருக்கும் நாளில் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஒரே நிற நூல் போடக்கூடியவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் அவர்களுக்கும் நேரம் மிச்சம். பண்டிகைக்கும் பள்ளி திறப்புக்கும் முந்தைய வாரங்களைத் தவிருங்கள். அந்த நாட்களில் கூலியும் கூடும், கவனமும் சிதறும்.

தைக்கக் கொடுக்கும்போது என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

உங்களுக்கு மிகப் பொருத்தமாக இருக்கும் ஒரு அளவு பேன்ட். வாயால் சொல்லும் நூறு விளக்கத்தை அது ஒன்றே சொல்லிவிடும். ஆனால் ஜீன்ஸுக்கு ஜீன்ஸையும் ஃபார்மலுக்கு ஃபார்மலையும் அளவாகக் கொடுங்கள். ஒன்று இடுப்பில் இறங்கி நிற்கும், மற்றது ஏறி நிற்கும். மாற்றிக் கொடுத்தால் உயரம் தப்பாகிவிடும்.

அந்தப் பேன்ட்டோடு போடப்போகும் ஷூவையும் போட்டுக்கொண்டு போங்கள். ஷூவின் குதிகால் உயரத்துக்கேற்ப பேன்ட்டின் உயரம் மாறும். இரண்டு காலுக்கும் குண்டூசி குத்தச் சொல்லுங்கள். பலருக்கு ஒரு இடுப்பு சற்று இறங்கியிருக்கும், ஒரு காலை மட்டும் அளந்து மற்றதையும் அதே அளவில் வெட்டினால் ஒரு பக்கம் தூக்கலாக நிற்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், பேன்ட்டைத் துவைத்துக் காயவைத்த பிறகே கொடுங்கள். பருத்தித் துணி முதல் துவையலில் சுருங்கும். துணியை முன்கூட்டியே இயந்திரத்தில் சுருக்கிவிடும் முறையை 1930-இல் சான்ஃபோர்ட் கிளூவெட் என்ற அமெரிக்கர் கொண்டுவந்தார். அதன் பிறகு பிரச்சினை வெகுவாகக் குறைந்தாலும், முழுவதும் போய்விடவில்லை. என்னிடம் ஒரு சாம்பல் நிறப் பருத்தி பேன்ட் இருந்தது. வாங்கிய அன்றே உயரம் குறைக்கக் கொடுத்தேன். உபரியாக இருந்த மூன்று இன்சையும் வெட்டி, அரை இன்ச் மட்டும் உள்ளே மடித்துத் தைத்துக் கொடுத்தார்கள். இரண்டாவது துவையலில் கணுக்கால் வெளியே தெரிந்தது. இறக்கிவிட உள்ளே துணியே இல்லை. துவைத்துவிட்டுக் கொடுத்திருந்தாலும் தப்பியிருக்கும், ஒன்றரை இன்ச் உள்ளே விட்டுத் தைத்திருந்தாலும் தப்பியிருக்கும். அன்றிலிருந்து எங்கே கொடுத்தாலும் "உள்ளே துணி விடுங்கள், வெட்டாதீர்கள்" என்று சொல்லிவிட்டு, ரசீதில் எழுதியும் வாங்கிக்கொள்கிறேன்.

வீட்டிலேயே கையால் தைக்கலாமா?

கீழ்மடிப்பைத் தாராளமாகத் தைக்கலாம். ஃபார்மல் பேன்ட்டுக்குக் கைத்தையல் மெஷினை விட அழகாகவே இருக்கும். பேன்ட்டைத் திருப்பிப் போட்டு, அளவுக்கு மடித்து, இஸ்திரி போட்டு மடிப்பைப் படிய வையுங்கள். ஊசியை முதலில் மடிப்பின் ஓரத்துக்குள் அரை இன்ச் ஓடவிட்டு எடுங்கள். அப்புறம் நேர் எதிரே பேன்ட் துணியில் ஒன்றிரண்டு இழைகளை மட்டும் ஊசிமுனையில் பிடியுங்கள். முழுத் துணியையும் குத்தி வெளியே போகக் கூடாது. மறுபடி மடிப்புக்குள், மறுபடி இரண்டு இழை. நூலை இறுக்கி இழுக்காமல் தளர விடுங்கள். இழுத்தால் வெளிப்பக்கம் குழி குழியாகத் தெரியும்.

ஊசியே பிடிக்க வராது என்றால், இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் ஹெம் டேப் கிடைக்கும். சில துவையல்களுக்குத் தாங்கும். திடீர்த் தேவைக்கு அது போதும். இடுப்பு வேலையை மட்டும் பழக்கமில்லாமல் தொட வேண்டாம்.

பின்பக்கம் மட்டும் இடுப்புப் பட்டி விலகி நிற்கிறது, என்ன செய்வது?

இடை சிறுத்து இடுப்பெலும்புப் பகுதி அகன்றவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இது அதிகம் வரும். சீட் தையல் வரை பிரிக்காமல் பட்டிக்குள் எலாஸ்டிக் கோக்கச் சொல்லுங்கள். பட்டியின் உள்பக்கம் இரண்டு சின்னத் திறப்பு போட்டு, எலாஸ்டிக்கை நுழைத்து, இரு முனையையும் தைத்து நிறுத்துவார்கள். உடம்பு ஏறி இறங்கினாலும் கூடவே வரும்.

ஸ்ட்ரெட்ச் துணியைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். நீட்சிக்கு ஏற்ற தையலும் அதற்கான உருண்டைமுனை ஊசியும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். நேர்த்தையல் போட்டால் துணி நீளும்போது நூல் பட்டென்று அறுந்துவிடும்.

பேன்ட் விலையை விடக் கூலி அதிகமானால்?

பேன்ட்டின் வயதைப் பாருங்கள். தொடை உரசும் இடத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், துணி சல்லடை போலத் தெரிந்தால் அதற்குச் செலவழிக்காதீர்கள். துணி கெட்டியாக இருந்து, அடிக்கடி போடுவதாகவும் இருந்தால், மலிவாக வாங்கிய பேன்ட்டுக்கும் செலவழிக்கலாம். கொடுத்த விலையை மறந்துவிட்டு, இதே மாதிரி இன்னொன்று இன்று வாங்க எவ்வளவு ஆகும் என்று யோசித்தால் முடிவெடுப்பது எளிது.

அடுத்த பேன்ட் வாங்கும்போதே இந்தச் செலவைக் குறைக்க முடியுமா?

முடியும். தொடையும் இடுப்பெலும்புச் சுற்றளவும் கவட்டும் சரியாக இருப்பதை எடுங்கள். இடுப்பு கொஞ்சம் லூஸாகவும் உயரம் அதிகமாகவும் இருந்தால் பரவாயில்லை, அவை குறைந்த கூலியில் முடியும். பலர் இடுப்பைப் பொருத்திவிட்டுத் தொடையை விட்டுவிடுகிறார்கள், செலவு அங்கேதான் வருகிறது. லேபிளில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். 32 என்று போட்ட இரண்டு பேன்ட் இரண்டு வேறு அளவில் இருப்பது சாதாரணம். உங்கள் அளவு பேன்ட்டைத் தரையில் விரித்து இடுப்பு, தொடை, முழங்கால், பாட்டம், கவட்டிலிருந்து பட்டி வரையும் கீழ் வரையும் உள்ள நீளம் எல்லாவற்றையும் டேப்பால் அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வாங்கும்போதும் அதை வைத்தே ஒப்பிடலாம்.

குழந்தைகள் பேன்ட்டுக்கு?

உயரம் குறைக்கும்போது வெட்டாமல் உள்ளே இரண்டு மடிப்பாக மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிடலாம்.

தைத்து வந்தது சரியில்லை என்றால்?

வீட்டுக்கு வந்து பார்த்தால் தாமதம். கடையிலேயே போட்டு, உட்கார்ந்து, நடந்து பாருங்கள். இரண்டு காலையும் உள்பக்கத் தையலில் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பிடித்து உயரம் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஜிப்பை ஏற்றி இறக்குங்கள். குறை இருந்தால் "நல்லா இல்லை" என்று மட்டும் சொல்லாமல், "வலது காலில் அரை இன்ச் அதிகம்", "சீட்டில் இன்னும் பை விழுகிறது" என்று இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். துணி உள்ளே இருக்கும்வரை எல்லாவற்றையும் திருத்தலாம். அப்படியும் வெட்டியிருந்தால், வெட்டிய துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் தொடையோ முழங்காலோ தேய்ந்தால் உள்ளே வைத்துத் தைக்க அதே நிறத்தில், அதே நெசவில் வேறு துணி எங்கேயும் கிடைக்காது.